30 கிலோ ஃபிளிப்பர் ரோபோவுக்கு பஃபர் டேங்க்: 5 லிட்டர் தேவையா?

வெண்ணாறு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். தஞ்சாவூருக்கு அருகே ஒரு பொறியியல் கல்லூரியில் இறுதியாண்டு படிக்கும் ஐந்து பேர் சேர்ந்து, 30 கிலோ பிரிவுக்காக எதிரியைத் தூக்கி எறியும் ஃபிளிப்பர் வகைச் சண்டை ரோபோ ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறோம். தட்டைத் தூக்குவது 63 மி.மீ. விட்டமும் 200 மி.மீ. ஸ்ட்ரோக்கும் (தண்டு நீளும் தூரம்) உள்ள, காற்றழுத்தத்தால் இயங்கும் நியூமேட்டிக் சிலிண்டர். நாங்கள் செல்லவிருக்கும் போட்டியின் விதிகள் 8 பாருக்கு மேல் அனுமதிப்பதில்லை. ரோபோவின் பின்பக்கத்தில், எறிவதற்கான காற்றைச் சேர்த்து வைக்கும் 2.5 லிட்டர் பஃபர் டேங்க் ஒன்று இருக்கிறது. பஞ்சர் கடைக் கம்ப்ரஸரில் அதை 8 பார் வரை நிரப்பிக்கொள்கிறோம். டேங்கிலிருந்து வால்வுக்கு 8 மி.மீ. பி.யு. (பாலியூரித்தேன்) ட்யூப், ஏறத்தாழ 60 செ.மீ. நீளத்துக்குச் செல்கிறது. வால்வு, மின்சாரத்தால் திறக்கும் அரை அங்குல 5/2 (ஐந்து வாய், இரண்டு நிலை) சோலனாய்டு வகை.

சென்ற வாரம் விடுதிச் சமையற்கட்டிலிருந்து 25 கிலோ அரிசிச் சிப்பம் ஒன்றைக் கேட்டு வாங்கித் தட்டின்மேல் வைத்துச் சோதித்தோம். சிப்பம் எழுந்து, ஒரு சாண் உயரம்கூடப் போகாமல், மெத்தென்று பக்கவாட்டில் சரிந்தது. அதைக் கைப்பேசியில் மெதுவோட்டமாகப் பதிவுசெய்து பார்த்தபோது, வால்வின் முன் பொருத்தியிருந்த கேஜின் (அழுத்தமானி) முள் வால்வு திறந்த அடுத்த கணமே 8-இலிருந்து 2-க்கு விழுந்ததும், தட்டு மேலே சென்று நின்ற பிறகு மெல்ல மெல்ல ஏறியதும் தெளிவாகத் தெரிந்தன. டேங்க் போதவில்லை என்று முடிவுசெய்து 5 லிட்டருக்குப் போகலாம் என்றிருக்கிறோம். ஆனால் எடை கூடிவிடும் என்று அணியில் இருவர் மறுக்கிறார்கள்.

இப்போதிருக்கும் டேங்க், பழைய இரும்புக் கடையில் வாங்கிய தீயணைப்பான் ஒன்றின் கூடு. அதன் அடிப்பக்கத்தில் ஒரு சாக்கெட்டை வெல்டிங் செய்து இணைத்துக்கொண்டோம். அதே போல் சற்றுப் பெரிய கூடு ஒன்று கிடைக்கிறது. கும்பகோணத்துப் பாத்திரப் பட்டறையில் பித்தளையில் செய்து வாங்கலாம் என்று ஒரு நண்பர் சொல்கிறார். எதைத் தேர்ந்தெடுப்பது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

மன்னை இயந்திரம் எழுதியது:

நான் மன்னார்குடிக்காரன். நான்கு ஆண்டுகள் கல்லூரிப் போட்டிகளில் நியூமேட்டிக் ரோபோக்களுடன் சுற்றியவன். தம்பி, உங்கள் கேள்விக்குள்ளேயே விடை இருக்கிறது. நீங்கள் எழுதிய எண்களை மட்டும் வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

63 மி.மீ. சிலிண்டர் 200 மி.மீ. ஓடினால் அது விழுங்கும் கொள்ளளவு ஏறத்தாழ 620 சி.சி. உங்கள் டேங்க் அதைப் போல நான்கு மடங்கு. கேஜில் 8 பார் என்றால், வெளிக்காற்றின் அழுத்தத்தையும் சேர்த்து உண்மையில் 9 பார். வால்வு திறந்து சிலிண்டர் முழுவதும் நீளும் நேரம் மிகக் குறைவு என்பதால் காற்றுக்கு வெளியிலிருந்து வெப்பம் வாங்கிக்கொள்ள அவகாசம் இல்லை. ஆகவே அது வெப்பமாற்றமற்ற விரிவாக்கம். அழுத்தத்தை, கொள்ளளவின் 1.4 அடுக்கோடு பெருக்கிய தொகை மாறாமல் இருக்க வேண்டும். நான்கு பங்கு இடத்தில் இருந்த காற்று ஐந்து பங்கு இடத்துக்குப் பரவினால், கேஜ் ஏறத்தாழ 5.6 பாருக்கு இறங்கலாம், அதற்குக் கீழே இறங்க வழியில்லை. உங்கள் முள்ளோ 2-க்கு விழுகிறது, அதன் பிறகு ஏறவும் செய்கிறது. டேங்கில் காற்று தீர்ந்திருந்தால் எங்கிருந்து வந்து ஏறும்? டேங்கில் காற்று இருக்கிறது. அது வால்வுக்கு வந்து சேரத்தான் முடியவில்லை.

குற்றவாளி அந்த 8 மி.மீ. ட்யூப். வெளியே 8 என்றாலும் உள்ளே வழக்கமாக 5 அல்லது 5.5 மி.மீ. துவாரம்தான் இருக்கும், அதாவது ஏறத்தாழ 24 சதுர மி.மீ. வழி. டேங்கையும் வால்வையும் அரை அங்குல நிப்பிளால் (குட்டைக் குழாய்த் துண்டு) நேராக இணைத்து, வழியில் எங்கும் 12 மி.மீ.க்குக் குறையாமல் பார்த்துக்கொண்டால் 113 சதுர மி.மீ. கிடைக்கும். வெறும் துவாரமாக எடுத்துக்கொண்டாலே அந்த 5.5 மி.மீ. வழியாக உங்கள் சிலிண்டர் நிரம்ப 0.1 விநாடிக்கு மேல் ஆகும். 60 செ.மீ. நீளமும் நடுவே உள்ள எல்போக்களும் சேர்ந்தால் இன்னும் கூடுதல். எறிதல் என்பது அந்த 0.1 விநாடிக்குள்ளேயே முடிந்துவிட வேண்டிய காரியம். 12 மி.மீ. வழியில் அதே வேலை 0.03 விநாடிக்குள் முடிகிறது. வாய்க்காலின் மதகு குறுகலாக இருக்கும்போது ஏரியைப் பெரிதாக வெட்டுவதால் கடைமடைக்கு ஒரு சொட்டுக்கூட அதிகம் போகாது என்பது நம் ஊரில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இனி, எவ்வளவு பெரிய டேங்க் என்ற கேள்வி. 8 பாரில் உங்கள் சிலிண்டரிலிருந்து அதிகபட்சம் எடுக்கக்கூடிய வேலை ஏறத்தாழ 500 ஜூல். அது முடிவில்லாத அளவு பெரிய டேங்க் இருந்தால் கிடைப்பது. டேங்க் சிலிண்டருக்குச் சமமாக இருந்தால் 280 ஜூல்தான் வரும், இறுதியில் அழுத்தமும் 2.4 பாருக்கு விழுந்துவிடும். இரண்டு மடங்கு என்றால் 355 ஜூல், மூன்று மடங்கு என்றால் 395, நான்கு மடங்கு என்றால் 415. முதல் மடங்கிலிருந்து இரண்டாவதற்குப் போகும்போது 75 ஜூல் கூடுகிறது. மூன்றிலிருந்து நான்குக்குப் போகும்போது 20 ஜூல்தான் கூடுகிறது, எடையோ ஒவ்வொரு மடங்குக்கும் ஒரே அளவில் ஏறிக்கொண்டே போகிறது. 30 கிலோவை ஒரு மீட்டர் தூக்க 294 ஜூல் போதும். ஆனால் தட்டின் எடை, கீல்களின் உராய்வு, எதிரி நழுவிச் செல்வது எல்லாம் போகப் பாதி கையில் வந்தாலே நல்ல வடிவமைப்பு. ஆகவே இரண்டிலிருந்து இரண்டரை மடங்கு, அதாவது 1.25 முதல் 1.5 லிட்டர் வரை, என்பது என் பரிந்துரை. அதைவிடப் பெரிதாக்கச் செலவிடும் எடையைச் சக்கர மோட்டார்களுக்கோ கவசத்துக்கோ கொடுங்கள்.

இந்த இடத்தில் ஒரு குழப்பத்தையும் தீர்த்துக்கொள்ள வேண்டும். ஓர் எறிதலுக்கான காற்றை வால்வின் அருகே வைத்திருக்கும் பஃபர் டேங்க் வேறு, எல்லா எறிதல்களுக்கும் வேண்டியதை வைத்திருக்கும் சேமிப்பு டேங்க் வேறு. உங்கள் ரோபோவில் இரண்டும் ஒன்றாகவே இருப்பதால்தான் 5 லிட்டர் ஆசை வருகிறது. 2.5 லிட்டர் டேங்கை மட்டும் வைத்துக்கொண்டு மறுபடி நிரப்பாமல் எறிந்தால், ஒவ்வொரு எறிதலுக்கும் உள்ளிருக்கும் காற்றில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். கேஜ் 8, 6.2, 4.8, 3.6 என்று இறங்கும். நான்காவது எறிதலில் எதிரி அசைந்து மட்டும் கொடுப்பான். உயர் அழுத்தப் பாட்டில் ஒன்றைச் சேமிப்புக்கு வைத்து, ரெகுலேட்டர் வழியாக 8 பாருக்கு இறக்கி, பஃபர் டேங்கை இரண்டு எறிதல்களுக்கு இடையே நிரப்பிக்கொள்வதே முறை. 1.1 லிட்டர் பாட்டிலில் 150 பார் நைட்ரஜன் இருந்தால் உங்கள் சிலிண்டருக்கு ஏறத்தாழ 40 எறிதல்கள் வரும். நைட்ரஜன் பெரிய உருளைகளில் அந்த அழுத்தத்தில்தான் விற்பனையாகிறது, திருச்சியில் கிடைக்கும். ரெகுலேட்டரையே பெரிதாக வாங்கிவிட்டால் பஃபர் எதற்கு என்று யாராவது கேட்பார்கள். நிமிடத்துக்கு 1500 லிட்டர் தரும் என்று அச்சிட்ட ரெகுலேட்டரும் 0.1 விநாடியில் 2.5 லிட்டர்தான் தரும். உங்கள் ஓர் எறிதலுக்கு வேண்டியது மூன்றரை லிட்டருக்கு மேல்.

துவாக்குடி பழையவர் எழுதியது:

அழுத்தக்கலன் செய்யும் தொழிலில் திருச்சிப் பக்கம் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்து ஓய்வு பெற்றவன் நான். கணக்கை மன்னார்குடித் தம்பி நன்றாகச் சொல்லிவிட்டார். நான் அந்தத் தீயணைப்பான் கூட்டைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். அதை இன்றே கழற்றி வையுங்கள். காற்றை விட்டுவிட்டு ஒரு மூலையில் வைத்தால் போதாது. வேறொரு மாணவர் எடுத்துப் பயன்படுத்த முடியாதபடி துளை போட்டுவிடுங்கள்.

காரணம் இதுதான். அந்தக் கூடு தயாரான நாளில் பரிசோதிக்கப்பட்டிருக்கும், ஐயமில்லை. ஆனால் அந்தப் பரிசோதனை, அதன் உடலில் நீங்கள் வெல்டிங் தீ வைத்த நிமிடத்தோடு செல்லாமல் போயிற்று. மெல்லிய தகட்டில் சாக்கெட் வைத்து வெல்டிங் செய்யும்போது, வெல்டைச் சுற்றிலும் ஒரு விரற்கடை அகலத்துக்கு உலோகத்தின் தன்மையே மாறுகிறது. உள்பக்கம் வேர் வரை உருகிச் சேர்ந்ததா என்று உங்களால் பார்க்கவும் முடியாது. அதோடு, அந்தக் கூட்டில் முன்பு இருந்த உலர் ரசாயனத் தூள் முழுவதும் போயிருக்காது. அதில் உள்ள அம்மோனியம் பாஸ்பேட் ஈரம் பட்டால் அமிலத்தன்மை கொள்ளும். பஞ்சர் கடைக் கம்ப்ரஸரின் காற்று, அதுவும் ஐப்பசி கார்த்திகையில் நம் டெல்டாவின் காற்று, எவ்வளவு ஈரத்தைக் கொண்டுவரும் என்று சொல்ல வேண்டியதில்லை. உங்கள் டேங்கின் அடியில் உள்ள ஃபிட்டிங்கைக் கழற்றி, ஒரு வெள்ளைத் துணியைப் பிடித்துக் கவிழ்த்துப் பாருங்கள். செம்மண் குழம்பு போல ஒன்று வந்தால், உள்ளே சுவர் அரிக்கப்பட்டுக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

8 பார் என்பது சிறிய எண்ணாகத் தோன்றும். 100 மி.மீ. விட்டமுள்ள டேங்கின் ஒரு முனையை அது 640 கிலோ எடைக்கு ஈடான விசையோடு வெளியே தள்ளுகிறது. உருளைச் சுவருக்கு இது பெரிய சுமையே அல்ல. 2 மி.மீ. சுவரில் சதுர மி.மீ.க்கு 20 நியூட்டன்தான் இழுவிசை வரும், சாதாரண எஃகு 250 வரை தாங்கும். ஆபத்து முனைகளில் இருக்கிறது. பட்டறைகளில் குழாயை வெட்டி இரு பக்கமும் தட்டைத் தகடு வைத்து அடைத்துக் கொடுத்துவிடுவார்கள். குவிந்த முனைக்கு 2 மி.மீ. போதுமான இடத்தில், தட்டை முனைக்கு ஏறத்தாழ 5 மி.மீ. வேண்டும். ஒவ்வோர் எறிதலிலும் அந்தத் தட்டைத் தகடு மேளத்தின் தோல் போல உப்பி அடங்கும். அந்த அசைவு முழுவதையும் ஓரத்து வெல்டுதான் வாங்கிக்கொள்ளும். முதல் நூறு எறிதலில் ஒன்றும் ஆகாது. பிறகு ஒரு நாள் தகடு கழன்று போகும்.

பித்தளை யோசனையை விட்டுவிடுங்கள். கும்பகோணத்துக் கைவினைஞர்களின் திறமையில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. பற்றவைத்த பித்தளை மூட்டு தண்ணீரைப் பிடித்து வைப்பதற்கானது. அழுத்தம் ஏறி இறங்கும் வேலைக்கு அந்த மூட்டை யாரும் கணக்கிட்டுச் செய்வதில்லை. அதே மூச்சில் பி.வி.சி. குழாயையும் சொல்லிவிடுகிறேன், அது உடையும்போது கண்ணாடிச் சில்லு போலத் தெறிக்கும். தண்ணீர் அழுத்தத்துக்கு என்று அதன்மேல் அச்சிட்டிருக்கும் எண்ணைக் காற்றுக்கு எடுத்துக்கொள்ளக் கூடாது.

செய்து வாங்குவதென்றால் துவாக்குடிப் பக்கம் வாருங்கள். பெல் கொதிகலன் ஆலையை நம்பி வளர்ந்த பட்டறைகள் இங்கே நிறைய இருக்கின்றன. கொதிகலன் வேலைக்குத் தேர்வு எழுதித் தகுதி பெற்ற வெல்டர்கள் கிடைப்பார்கள். சீம்லெஸ் (மூட்டில்லாத) குழாய், இரு பக்கமும் அழுத்தி வடித்த குவிந்த முனைகள், அரை அங்குல வாய்க்கான தடித்த பாஸ் (மரை வெட்டிய வளையம்), நீரை வடிக்க அடியில் ட்ரெய்ன் காக் ஆகியவற்றைக் கேளுங்கள். எல்லா வெல்டும் முடிந்த பிறகு 15 பாரில் ஹைட்ரோ டெஸ்ட் (நீர் நிரப்பி அழுத்தம் ஏற்றும் சோதனை) செய்து, அரை மணி நேரம் கேஜ் முள் அசையாமல் நின்றதை நீங்களே நேரில் நின்று பாருங்கள். தண்ணீரில்தான் செய்ய வேண்டும், காற்றில் செய்ய ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். 8 பாரில் 2 லிட்டர் காற்று வெடித்தால் ஏறத்தாழ 2000 ஜூல் வெளிப்படும். தண்ணீர் சுருங்காது என்பதால், கலன் பிளந்தாலும் ஒரு கசிவோடு முடிந்துவிடும். சோதித்த தேதியையும் அழுத்தத்தையும் டேங்கின்மேல் பொறித்துத் தரச் சொல்லுங்கள். இப்படிச் செய்யும் 2 லிட்டர் எஃகு டேங்க் 1.8 கிலோ அளவுக்கு வரும்.

எடை அவ்வளவு முக்கியம் என்றால் ஆயத்தமாகக் கிடைப்பதை வாங்குங்கள். ஃபெஸ்டோ நிறுவனம் துருப்பிடிக்காத எஃகில் 0.4, 0.75, 2 லிட்டர் என்று பல அளவுகளில் காற்றுக்கலன்கள் செய்கிறது, அவை 16 பார் வரைக்கும் ஆனவை. 0.75 லிட்டர் கலன்கள் இரண்டை வால்வின் இரு பக்கமும் வைத்தால் 1.5 லிட்டர் ஆயிற்று, வாயும் இரண்டு ஆயிற்று.

குடந்தை சோடா எழுதியது:

நைட்ரஜனுக்குப் பதிலாகக் கார்பன் டை ஆக்சைடு வைக்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள் என்பதால் முன்கூட்டியே எழுதுகிறேன். எங்கள் குடும்பம் இரண்டு தலைமுறையாகச் சோடா போடுகிறது. அந்த வாயுவோடு தினமும் புழங்குகிறோம். அது பாட்டிலுக்குள் திரவமாக இருப்பதால் சிறிய பாட்டிலில் நிறைய அடங்கும் என்பது உண்மைதான். 20 டிகிரியில் அதன் அழுத்தம் 57 பார், பாட்டிலில் திரவம் தீரும் வரை ஏறத்தாழ அப்படியே நிற்கும். குளிர் நாடுகளில் ரோபோ செய்பவர்கள் அதை விரும்புவதற்குக் காரணம் இதுதான். பிரிட்டனில் சிலர் ரெகுலேட்டரே இல்லாமல் அந்த முழு அழுத்தத்திலேயே ஃபிளிப்பரை இயக்குகிறார்கள்.

நம் ஊரில் அந்தக் கணக்கு நிற்காது. 31 டிகிரிக்கு மேல் அந்த வாயுவைத் திரவமாக வைத்திருக்க எந்த அழுத்தத்தாலும் முடியாது. தஞ்சாவூரில் சித்திரை வெயில் நிழலிலேயே 38-ஐத் தாண்டும், மூடிய காரில் வைத்த ரோபோவுக்குள் அதைவிடக் கூடும். அப்போது பாட்டிலின் அழுத்தத்தை முடிவுசெய்வது நீங்கள் எவ்வளவு நிரப்பினீர்கள் என்பது மட்டுமே. ஆகவே எடை போட்டுத்தான் நிரப்ப வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீர் பிடிக்கும் பாட்டிலில் 670 கிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது வெப்ப நாடுகளின் வழக்கம். எங்கள் உருளைகளைக் கோடையில் கூரைக்கடியில், நனைத்த கோணிச் சாக்கு போர்த்தித்தான் வைத்திருப்போம்.

ரோபோவில் இன்னொரு தொல்லையும் உண்டு. ரோபோ தலைகீழாகப் புரண்டால் பாட்டிலிலிருந்து வாயுவுக்குப் பதில் திரவமே ரெகுலேட்டருக்குள் இறங்கும். அது உங்கள் பஃபர் டேங்குக்குள் போய்ச் சேர்ந்து, எறிதலின்போது அழுத்தம் கேஜில் 4.2 பாருக்குக் கீழே இறங்கினால், அங்கேயே உலர்பனியாக உறையும். நாங்கள் அவசரமாகத் திறக்கும் நாட்களில் ரெகுலேட்டரின் வாயில் வெள்ளை வெள்ளையாகப் பூத்து நிற்கும், விரலால் தொட்டால் ஒட்டிக்கொள்ளும். அந்தப் பனித்தூள் வால்வின் இருக்கையில் சிக்கினால் வால்வு மூடாது, ரப்பர் சீல்களும் அந்தக் குளிரில் விறைத்துவிடும். உங்களுக்கு நைட்ரஜனே நல்லது.

வெண்ணாறு எழுதியது:

மூவருக்கும் நன்றி. நீங்கள் சொன்னவுடன் டேங்கில் இருந்த காற்றை இறக்கி, அடி ஃபிட்டிங்கைக் கழற்றி, துவாக்குடி ஐயா சொன்னபடி வெள்ளைத் துணியில் கவிழ்த்தோம். கால் தம்ளர் அளவுக்குச் செந்நிற நீர் வந்தது, அதோடு வெளிர்மஞ்சள் தூள் கட்டி கட்டியாக ஒட்டிக்கொண்டது. டார்ச் அடித்துப் பார்த்தபோது, நாங்கள் பற்றவைத்த சாக்கெட்டின் உள்விளிம்பில் ஒரு பக்கம் வெல்டு உள்ளே வரவே இல்லை, தகட்டின் விளிம்பு கோடு போலத் தனியாகத் தெரிந்தது. மறுபடி அதில் காற்று ஏற்றவில்லை. துளையும் போட்டாயிற்று.

கல்லூரிப் பட்டறையில் 16 பாருக்கான 2 லிட்டர் கலன் ஒன்றைக் கேட்டு வாங்கி, முதலில் பழைய 8 மி.மீ. ட்யூபோடும், பிறகு அரை அங்குல நிப்பிளோடும் சோதித்தோம். இம்முறை டேங்கின்மேல் ஒரு கேஜ், வால்வின் முன் ஒரு கேஜ் வைத்தோம். ட்யூப் இருந்தபோது டேங்கின் முள் சோம்பலாக இறங்க, வால்வின் முள் மட்டும் குப்புற விழுந்தது. நிப்பிள் வைத்தபோது இரண்டும் சேர்ந்தே இறங்கி 5-க்குச் சற்று மேலே நின்றன. அரிசிச் சிப்பம் இடுப்பு உயரம் போய் விழுந்து ஓரம் கிழிந்தது. விடுதிச் சமையல் அண்ணாவுக்கு வேறு சிப்பம் வாங்கிக் கொடுத்துவிட்டோம்.

இரண்டு சந்தேகங்கள் மீதமிருக்கின்றன. சேஃப்டி வால்வை ரெகுலேட்டரை ஒட்டி வைப்பதா, டேங்கின்மேல் வைப்பதா? எறியும் சோலனாய்டு வால்வு சில நேரம் பாதியில் படபடவென்று துடிக்கிறதே, அது எதனால்?

துவாக்குடி பழையவர் எழுதியது:

சேஃப்டி வால்வு டேங்கின்மேலேயே இருக்க வேண்டும். அதற்கும் டேங்குக்கும் நடுவில் மூடக்கூடிய எந்தக் காக்கும் வரக் கூடாது. 9 பாரில் திறக்குமாறு வாங்குங்கள். 150 பார் பாட்டிலை இணைக்கும் நாளில் இன்னொன்றையும் கவனியுங்கள். ரெகுலேட்டர் பழுதாகித் திறந்தபடியே நின்றுவிட்டால், பாட்டிலின் காற்று முழுவதும் டேங்குக்குள் பாயும். கட்டைவிரல் அளவுள்ள சேஃப்டி வால்வால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுத்து வெளியே விட முடியாமல் போகலாம். ஆகவே ரெகுலேட்டருக்கு முன்னால் 1 மி.மீ. துளையுள்ள ஒரு தடுப்பு வையுங்கள். பஃபர் நிரம்பச் சற்றுக் கூடுதல் நேரம் ஆகட்டும், பரவாயில்லை.

மன்னை இயந்திரம் எழுதியது:

துடிப்புக்குக் காரணம் பைலட் அழுத்தம், அதாவது வால்வுக்குள் காற்றின் வழியைத் திருப்பும் தண்டான ஸ்பூலைத் தள்ளும் அழுத்தம். உங்கள் வால்வு தன் ஸ்பூலைத் தள்ளுவதற்கான காற்றையும் அதே பஃபரிலிருந்துதான் எடுத்துக்கொள்கிறது. இந்த வகை வால்வுகள் பலவற்றுக்கு 2 பார் அளவுக்காவது பைலட் தேவை. பழைய ட்யூபில் அழுத்தம் 2-க்கு விழுந்ததால் ஸ்பூல் பாதி வழியில் தடுமாறியிருக்கும். நிப்பிள் வைத்த பிறகும் துடித்தால், வெளி பைலட் எடுக்கும் வகை வால்வாக மாற்றி, அந்தப் பைலட் காற்றை ரெகுலேட்டரின் வாயிலிருந்து காற்றைத் திரும்ப விடாத ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு வழியாகத் தனி 4 மி.மீ. ட்யூபில் கொண்டு வாருங்கள். பஃபர் எவ்வளவு இறங்கினாலும் பைலட் 8 பாரிலேயே நிற்கும்.

ட்ரெய்ன் காக்கை ஒவ்வொரு சோதனை நாளின் முடிவிலும் திறந்து விடுங்கள். எறிதலின்போது டேங்கினுள் காற்றின் வெப்பநிலை, வெளியே 35 டிகிரி இருக்கும்போதும், ஒரு கணம் சுழியத்துக்குக் கீழே பத்து டிகிரி வரை போகிறது. பஞ்சர் கடைக் காற்றில் வந்த ஈரம் அங்கேதான் நீராகிறது.